சின்னத்தாய் அக்காவின் பல்வலி

திருப்பரங்குன்றத்தில் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறேன். பிசியோதெரபி படித்தவள் என்பதால், யார் சேர வந்தாலும் முதலில் ஒரு படிவம், பிறகு பிரஷர், நாடி, எடை, கடைசியில் மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்கும் சோதனை. "இளைக்க வந்தா பரீட்சை வைக்கிறியே ஆயிஷா" என்று முறைக்கிறவர்கள் உண்டு. முறைத்துக்கொள்ளட்டும். சோதிக்காமல் யாரையும் ஓட விடமாட்டேன்.

சின்னத்தாய் அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம். புருஷன் போன பிறகு, தாய் தகப்பன் இல்லாத தம்பி காசிமாயனைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து இட்லிக் கடை போட்டார். அந்த மாவுதான் அவனைப் படிக்க வைத்தது. இப்போது அவனுக்கு ஈரல் கெட்டுவிட்டது. குடிக்கிற ஆளே இல்லை; காமாலைக் கிருமி வருஷக்கணக்காக உள்ளே இருந்து அரித்திருக்கிறது. தன் ஈரலில் ஒரு துண்டு தர அக்கா முன்வந்தார். ரத்த வகையும் பொருந்தியது. ஆனால் எடை எண்பத்திரண்டு. இரண்டு மாதத்தில் பத்துக் கிலோ குறைத்தால்தான் மற்ற சோதனைகளையே தொடங்குவோம், அதற்கு மேல் தம்பி தாங்கமாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"எம்புட்டு நேரம் ஓடச் சொன்னாலும் ஓடுறேன் தாயி. பத்துக் கிலோவ மட்டும் இறக்கி விட்டுரு."

படிவத்தைப் படித்துக் காட்டினேன். சர்க்கரை? இல்லை. மயக்கம்? இல்லை. நடந்தால், படி ஏறினால் நெஞ்சு வலிக்குமா? இல்லை. பொய் சொல்கிற முகமில்லை அது. பிரஷர் கொஞ்சம் கூட இருந்தது. வெயிலில் நடந்து வந்ததால் இருக்கும் என்று நினைத்தேன்.

பலகையில் ஏறி இறங்க ஆரம்பித்தார். இரண்டாவது நிமிடம் இடது தாடையைப் பிடித்துக்கொண்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் அடக்கினார்.

"என்னக்கா?"

"பல்லு வலி தாயி. நீ எண்ணு."

எண்ணவில்லை, உட்கார வைத்தேன். முகமெல்லாம் வேர்த்திருந்தது. கொஞ்ச நேரத்தில் வலி தானாக நின்றுவிட்டது.

"எப்பெல்லாம் வலிக்கும்?"

"மாவுச் சட்டியத் தூக்கிட்டு மாடி ஏறினா வலிக்கும். உக்காந்தா விட்டுரும். இந்தப் பக்கம் ரெண்டு பல்லப் பிடுங்கியாச்சு, சனியன் போகமாட்டேங்குது."

படி ஏறினால் வலித்து, உட்கார்ந்தால் நிற்கும் பல் எங்கேயும் கிடையாது. இதயத்து வலி சிலருக்கு நெஞ்சில் வராது, தாடையில் வரும். படிவம் நெஞ்சைப் பற்றிக் கேட்டது. அக்கா நெஞ்சைப் பற்றி உண்மையைச் சொன்னார். தாடையைக் கேட்காத என் படிவத்தின் மேல்தான் ஆத்திரம் வந்தது.

"அக்கா, இது பல்லு இல்ல, இதயம். டாக்டர் பாக்கிற வரைக்கும் நீங்க ஓடக் கூடாது, படிகூட ஏறக் கூடாது."

அவர் வாயிலிருந்த கிராம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அவனுக்கு நெஞ்சு வேணாமே தாயி. ஈரல்தானே வேணும்."

தாடை வலி என்று படிவத்தில் எழுதப் பேனாவை எடுத்தேன்.

"பல்லு வலின்னே எழுதிக்க. ஆஸ்பத்திரியில தெரிஞ்சா என்னையக் கழிச்சிருவாக. எனக்கு ஒண்ணுன்னா ஒன்னைய யாரும் கேக்கமாட்டாக, கைநாட்டு வச்சுத் தாரேன்."

"மாட்டேன்க்கா."

"ஒனக்குத் தம்பி இருக்கான்ல?"

இருக்கிறான், மின்ஹாஜ். பேனா கையில்தான் இருந்தது. ஒரு கணம் எழுதிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, அதை மறைக்க மாட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, ஆட்டோவைக் கூப்பிட்டு நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன்.

இதயத்தில் மூன்று அடைப்பு. உடனே பைபாஸ் செய்தார்கள். ஈரல் தருகிறவர் என்ற இடத்தில் இருந்த அவர் பெயரை அடித்துவிட்டார்கள். வேறு சொந்தம் யாரும் பொருந்தவில்லை. நெஞ்சில் தையலோடு அக்கா படுத்திருந்தபோது காசிமாயன் இறந்துபோனான். கடைசியாக முகம் பார்க்கக்கூட அவரால் போக முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டர் சீட்டோடு வந்தார். மெதுவாக நடைப்பயிற்சி தொடங்கலாம் என்று எழுதியிருந்தது. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். படிவத்தை எடுத்தேன். நெஞ்சு வலிக்குப் பக்கத்தில், தாடை, பல், தோள் என்று நான் பேனாவால் சேர்த்திருந்ததையும் படித்தேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். எடை மெஷினில் நிற்கச் சொன்னேன்.

எழுபத்திரண்டு.

அக்கா குனிந்து பார்த்தார்.

"இதத்தானே தாயி கேட்டாக."

அந்த எண்ணைப் பார்த்தபடியே நின்றார்.