மாமா கட்டிய வேப்பிலை

நான் பெண் எடுத்த வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பது எங்கள் வழக்கம். அப்படிப் போனதால் மாமாவும் மாமியும் போடும் சண்டைகளை முன்வரிசையில் இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. வெளியே ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை நடந்த காலத்தில் இதுதான் எங்களுக்கு இருந்த பொழுதுபோக்கு.

ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் கதவு வருசத்துக்கு ஒருமுறை, வைகாசியில்தான் திறக்கும். சில நாள் திறந்திருந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு முடிந்ததும் மூடிவிடுவார்கள். தவறவிட்டால் அடுத்த வைகாசிதான். மாமிக்கோ கதவு திறந்திருந்தும் சில வருசமாக அம்மன் முகம் தெரிவதில்லை. இரண்டு கண்ணிலும் வெண்படலம். விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும். மாமாதான் பக்கத்தில் நின்று காதுக்குள் சொல்லுவார். "திரை விலகிட்டு. மாலை சிவப்பு. பட்டு பச்சை." மாமி அதைக் கேட்டுக் கும்பிட்டுவிட்டு வருவா. மாமாவுக்கு இதில் தனிப் பெருமை. தன் கண் பருந்தின் கண் என்று சொல்லிக்கொள்வார். வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வருசம் சித்திரைக் கடைசியில் டவுன் ஆஸ்பத்திரியில் மாமியின் வலது கண்ணை வெட்டிப் படலத்தை எடுத்து, உள்ளே ஒரு சின்ன வில்லை வைத்தார்கள். குனியக் கூடாது, புகை கூடாது, கண்நோய்க்காரர் கிட்ட வரக் கூடாது, ஒரு மாதத்துக்குத் தலையில் தண்ணீர் படவே கூடாது என்றார் டொக்டர். மாமிக்கு ஒரே கேள்விதான்: கதவு திறக்கையில் கோயிலுக்குப் போகலாமா? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போகலாம் என்றதும் மாமிக்குப் பாதி சுகமாகிவிட்டது.

திரும்பி வரும்போது, காவலரணில் நின்ற ஆமிக்காரனுக்கு மாமியின் கண்ணில் ஒட்டியிருந்த மூடிக்குள் என்ன என்று தெரிய வேண்டியிருந்தது. "கண்தான் மனே கிடக்கு" என்றா மாமி. தன் தாய்க்கும் இப்படித்தான் வெட்டினது என்று அவன் உடைந்த தமிழில் சொல்லிப் போகவிட்டான்.

காவலரணைத் தாண்டலாம், எங்கள் ஊரைத் தாண்ட முடியாது. வெட்டின கண்ணைப் பார்க்க ஊரே வந்தது. வந்தவர்கள் தங்கள் கண்ணையும் மாமியிடம் காட்டினார்கள். ஒருவருக்கு விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறதாம். வாவியில் வலை வீசுகிற ஒருவருக்கு உப்புக் காற்றில் வெள்ளை விழியில் சதை வளர்ந்திருந்தது. ஒருத்தி கண்ணுக்கு விடச் சொல்லித் தேன் கொண்டுவந்தா. மூடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொன்னவர்களும் உண்டு. மாமி ஒரு கண்ணை வெட்டிய தகுதியில் எல்லோருக்கும் ஆலோசனை சொன்னா. வர வேண்டாம் என்று மாமா நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தார், யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் ஒருவர் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து, பீளை வடிய வந்து மாமியின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மாமாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்த நாள் காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. சத்தமில்லாமல் தேத்தண்ணி குடித்தோம். மாமா மட்டும் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு கிழமை கழித்துக் கிளினிக்கில் மூடியை எடுத்தார்கள். மாமி கறுப்புக் கண்ணாடியோடு வீட்டு வாசல் படலைக்கு வந்தவ அப்படியே நின்றுவிட்டா. "இஞ்சாருங்க, படலையில என்ன கிடக்கு?"

வேப்பிலைக் கொத்து. அம்மை வந்த வீட்டுக்குத்தான் அப்படிக் கட்டுவோம். அம்மன் வந்திருக்கிறா என்று அர்த்தம்; ஒரு குருவிகூட உள்ளே வராது. நானும் மனைவியும் அதைக் கண்டும் வாய் திறக்கவில்லை. அமைதி அவ்வளவு ருசியாக இருந்தது.

"அம்மாளைப் படலைக்குக் காவல் போட்டிருக்கிறீங்க" என்றா மாமி. பிறகு அவவின் முகம் மாறிவிட்டது. கொத்துக் கட்டியாகிவிட்டது, ஊர்க் கணக்கில் இப்போது அவவுக்கு அம்மை. அம்மன் வந்த உடம்புக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலையோடு வார்த்த பிறகுதான் கோயில் வாசலை மிதிக்கலாம். தலையில் தண்ணீர் பட்டால் கண் போய்விடும். கதவு திறக்க நாலைந்து நாள்தான் இருந்தது. மாமி அடுப்படியில் போய் இருந்து அழத் தொடங்கினா. வெட்டின கண்ணோடு அழலாமா என்று டொக்டரிடம் கேட்க எங்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

மாமா ஆமிக்கும் பயப்படாதவர், இயக்கத்துக்கும் பயப்படாதவர். அன்றைக்கு என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கோயிலில் பூசை செய்யும் கப்புகனாரிடம் போனபோது எனக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். பொய்க்குக் கட்டினேன் என்று ஒப்புக்கொண்டார்.

கப்புகனார் நெடுநேரம் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. "அம்மாள் வராத உடம்புக்கு என்னத்துக்குத் தண்ணி? இல்லாத அம்மை வருத்தத்துக்கு அவவக் கூப்பிட்ட ஆளுக்குத்தான் வார்க்கோணும்."

அப்படியே நடந்தது. மாமாவை முற்றத்தில் பலகை போட்டு இருத்தி, குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் வார்த்தார்கள். பார்க்க ஊரே திரண்டு வந்தது. இந்த முறை யாரையும் தடுக்க முடியவில்லை. மாமி தூரத்தில் கதிரை போட்டு இருந்து, புதுக் கண்ணால் ஒரு சொட்டு விடாமல் பார்த்துச் சிரித்தா.

கதவு திறந்த அன்று சனத்துக்குள் மாமியை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். திரை விலகியது. மாமா பழக்கதோசத்தில் குனிந்தார். "மாலை சிவப்பு. பட்டு பச்சை."

"பச்சையில்ல. நீலம்" என்றா மாமி, கும்பிட்ட கையை எடுக்காமல்.

"பச்சை."

"நல்ல மயில்கழுத்து நீலம்."

மாமா என்னைப் பார்த்தார். நீலம்தான் மாமா என்றேன். அவர் சால்வையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மறுபடியும் துடைத்தார். படலம் எப்போதோ அவருக்கும் விழுந்திருக்கிறது. தெரியாத கண்ணைக் கொண்டுதான் இவ்வளவு காலமும் மாமிக்கு அம்மனைக் காட்டியிருக்கிறார்.

மாமி அவருடைய மஞ்சள் மணம் போகாத தலையைத் தன் பக்கம் இழுத்தா. "சும்மா நில்லுங்க. இனி நான் சொல்லுறன்." பட்டின் கரையில் தொடங்கி, மூக்குத்தி வரைக்கும் காதுக்குள் சொன்னா.

ஆடி பிறந்ததும் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பருந்தின் கண் பேச்சே இல்லை. வாவித் தண்ணீர் இன்றைக்கு என்ன நிறம் என்று மாமியிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

"மூடி கழட்டித் திரும்பி வரக்குள்ள நீங்களே பாருங்க" என்றா மாமி.