பின்பக்கம் எடுத்த படம்

அர்த்தநாரி லாரிகளைப் படம் எடுப்பவர். நாமக்கல்லில் சேலம் ரோட்டோரத்துப் பட்டறைகளில் ஒரு வண்டிக்குப் பாடி கட்டி முடித்து பெயிண்ட் காய்ந்ததும் அவருக்குப் போன் வரும். போவார். வண்டியைச் சற்றே சாய்வாகத் திருப்பி நிறுத்தச் சொல்வார். மாலை, பொட்டு, கண்ணாடிக்கு மேல் குலசாமி பெயர், பக்கத்தில் ஓனர். ஒரே ஒரு படம். ஒரு பிரதி ஓனர் வீட்டுக்குப் போகும். இன்னொன்று அர்த்தநாரியின் கடைச் சுவரில் ஏறும்.

பின்பக்கத்தை மட்டும் எடுக்க மாட்டார். போகிற வண்டியைப் படம் பிடித்தால் அது திரும்பி வராது என்று பட்டறைகளில் ஒரு பயம் உண்டு. அவருக்கு அது பயமாகத் தொடங்கிக் கைப்பழக்கமாகிவிட்டது. அவர் கடைச் சுவரில் எல்லா வண்டிகளும் வந்துகொண்டே இருந்தன. ஒன்றுகூடப் போகவில்லை.

மகள் தமிழினி விமானப்படையில் பொறியாளர். சூலூரில் போர் விமான எஞ்சின்கள் அவள் பொறுப்பு. தை பிறந்ததும் அஸ்ஸாமுக்கு மாற்றல். அதற்கு முந்தின ஞாயிறு ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் விமான சாகசம் என்றார்கள். சூலூரிலிருந்து மூன்று விமானங்கள் வந்து, வித்தை காட்டிவிட்டு, இறங்காமலே திரும்பிப் போகும்.

"மூணாவதா வர்றது நான் பாக்குற வண்டிங்கப்பா. ஷட்டர் ரெண்டாயிரத்துல வெச்சுக்கங்க. அது போற பக்கமே கேமராவையும் திருப்புங்க. லாரி மாதிரி நிக்காது" என்று முந்தின நாள் போனில் சொன்னாள்.

"நிக்காட்டி என்ன சாமி, மொகத்தைக் காட்டாமயா போயிரும்?"

கடையில், வாசலுக்கு நேர் எதிரே ஓர் ஆணி அடித்துவிட்டுத்தான் கிளம்பினார். மகள் வடக்கே போவதற்குள் அவளுடைய வண்டி அங்கே தொங்க வேண்டும்.

கூட வந்தவர் சின்னுசாமி. பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர், மூன்று லாரிகளுக்குச் சொந்தக்காரர். வாடகைக்கு எடுத்திருந்த நீள லென்ஸைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு.

"ஏப்பா, போர்வெல் பைப்பை வெட்டிக் கொண்டாந்துட்டியா?"

"கண்ணு வெச்சுராத. வாடகைச் சாமான்."

அறுப்பு முடிந்த சோளக்காட்டில் கூட்டம் குடையும் கடலைப் பொட்டலமுமாக நின்றது. பனி இன்னும் விலகவில்லை. சேர்வராயன் மலை இருந்த இடத்தில் மலையின் நினைப்பு மட்டும் இருந்தது. வானம் ஜவ்வரிசி காயப்போட்ட களம் போல வெளுத்துக் கிடந்தது.

முதலில் ஹெலிகாப்டர்கள். மகள் சொன்ன ஷட்டரிலேயே எடுத்ததில், படத்தில் விசிறி சுற்றாமல் உறைந்து, பொம்மைகள் அந்தரத்தில் தொங்கின. ஷட்டரைக் குறைத்தார். விசிறி சுற்ற ஆரம்பித்தது. அந்த மட்டில் திருப்தி.

பிறகு மறுபடி ரெண்டாயிரம். ஜெட்டுகள் சத்தமில்லாமல் வந்தன. மலைப் பக்கம் ஒரு புள்ளி. அது அங்கேயே இருந்தது, கனவில் வருகிறவர்கள் வராமலே இருப்பது மாதிரி. பிறகு ஒரேயடியாகத் தலைக்கு மேல் இருந்தது. சத்தம் அதற்கும் பிறகு வந்தது. அவர் அழுத்தியபோது கட்டத்துக்குள் வெறும் வானம்.

இரண்டாம் சுற்றிலும் அப்படியே. முகத்துக்காகக் காத்தார். முகம் ஒரு கோடும் நடுவில் ஒரு பொட்டுமாகத் தெரிந்து, அவர் மூச்சை விடுவதற்குள் கடந்துவிட்டது.

"அதான் தாண்டிருச்சே, பின்னாடியாவது எடு."

"மாட்டேன்."

"என்ற லாரிக்கு மாட்டேன்னு சொன்னே, சரின்னேன். இது கவர்மெண்டு வண்டி. அதுக்கென்னய்யா சகுனம்?"

"வண்டி கவர்மெண்டுது. புள்ளை என்னுது."

சின்னுசாமி கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

கடைசிச் சுற்று என்று ஒலிபெருக்கி சொன்னது. மூன்றாவது விமானம் மட்டும் தனியாக, தாழ்வாக வந்தது. முகம் வந்தது, போனது. அதுவும் தவறிப்போயிற்று. கேமராவைக் கீழே இறக்கினார்.

விமானம் மூக்கை நிமிர்த்தி நெட்டுக்குத்தாக ஏறியது. அப்போதுதான் அதை வெறும் கண்ணால் பார்த்தார். பின்னால், வட்டமாக, ஒரு நெருப்பு. ஓரம் ஆரஞ்சு, உள்ளே வெளிர்நீலம். சத்தம் காதில் விழாமல் நெஞ்சுக்கூட்டில் விழுந்தது.

மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யார் கேட்டாலும் "எஞ்சின்" என்பார். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. இதுதான் இருக்கிறது. அவள் பார்த்துப் பார்த்து வைப்பது மூக்கை அல்ல, இறக்கையை அல்ல, இந்த நெருப்பை.

கேமரா கண்ணுக்கு ஏறியது. விரல் ஒரு கணம் மறுத்தது. அழுத்தினார். ஒரே ஒரு படம்.

வானம் விமானத்தை மூடிக்கொண்டது. ஜனங்கள் தூசி தட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அர்த்தநாரி வரப்பில் உட்கார்ந்தார்.

"போலாமா?"

"இரு. எறங்கட்டும்."

"அது சூலூர்லய்யா எறங்கும்!"

"எறங்குனது தெரியட்டும். பின்னாடி எடுத்துட்டேன்."

சின்னுசாமி அவர் முகத்தைப் பார்த்தார். துண்டை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்ற வண்டி ஒண்ணு நாக்பூர்ல கெடக்குது. அதுக்கும் இப்படி உக்காந்தா நான் எந்திரிக்கவே முடியாது போ" என்றார்.

எடுத்த படத்தை அர்த்தநாரி திறந்து பார்க்கவில்லை. புகைக்கோடுகள் அகன்று, நூலாகி, பஞ்சாகி, பனியோடு சேர்ந்தன. காலியான காட்டில் கொக்குகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. ஒவ்வொன்றும் காலை ஊன்றி நிற்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த லென்ஸ் வெயிலில் மெல்லச் சூடேறியது, தூங்கும் குழந்தை மாதிரி.

போன் அடித்தது.

"அப்பா, வண்டி எறங்கியாச்சுங்க. பாத்தீங்களா?"

"நல்லா எறங்குச்சா கண்ணு?"

"நல்லா எறங்குச்சுங்கப்பா. இப்பத்தான் எஞ்சினைப் பாத்துட்டு வெளியே வாரேன். இன்னும் சூடு ஆறலை. மொகம் கெடச்சுதுங்களா?"

"கெடச்சுது சாமி."

அதன் பிறகே படத்தைத் திறந்தார்.

அந்த ஆணியில் அதுதான் தொங்கியது. சுவரெல்லாம் வண்டிகள் வந்துகொண்டிருக்க, நடுவில் ஒன்று மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. பட்டறைக்காரர்கள் கேட்டால், "அதுக்கு மொகம் அங்கதான் இருக்குது" என்பார்.

தமிழினி அஸ்ஸாமிலிருந்து, வண்டி இறங்கும் ஒவ்வொரு முறையும் தகவல் அனுப்பினாள். அவர் கேட்டதில்லை, அவளாகவே. 'எறங்கியாச்சு.' பதில் உடனே வரும்: 'சரி சாமி.'

ஐப்பசியில் ஒரு காலை, பட்டறைக்குக் கிளம்பும்போது மாரடைப்பில் அர்த்தநாரி போய்விட்டார். கேமராப் பை தோளிலேயே இருந்தது.

அவருடைய போன் கடையில், அந்தப் படத்துக்குக் கீழே கிடக்கிறது. மனைவி சௌந்திரம் அதில் சார்ஜ் இறங்க விடுவதில்லை. ஓடுபாதையில் சக்கரம் தொட்டுப் புகை எழும். தமிழினி எஞ்சினைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து அந்த ஒரு சொல்லைத் தட்டுவாள். நாமக்கல்லில், ஆளில்லாத கடையில், ஒரு வெளிச்சம் வந்து அணையும்.