என் மகளின் சைகைக்கு ஒரு தேசம்

வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. எங்களுக்கு வந்த கஷ்டமே அதுதான். இப்படிச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த நாட்களில் நான் அழுத அழுகையைக் கர்த்தர் அறிவார்.

என் பெயர் ஜெபராணி. சொந்த ஊர் சாத்தான்குளம். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தேன். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்தேன். என் கணவர் செல்வின் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் இருந்தார். வெளிநாட்டுக் கப்பலில் வருகிறவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவதும் அவர் வேலையில் ஒன்று. எங்களுக்கு ஒரே மகள், பிரிஸ்கா. பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. நரம்பிலேயே குறை இருப்பதால் ஆபரேஷன் செய்து கருவி வைத்தாலும் பயன் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். காது கேளாதோர் பள்ளியில் சைகை மொழி படித்தாள். நாங்களும் அவளிடமிருந்து படித்தோம். எங்கள் வீட்டில் சத்தம் குறைவு, பேச்சு அதிகம்.

பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு இவள் என்ன செய்வாள்? இதுதான் எங்கள் கவலை. வெளிநாட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகள் கல்லூரி வரை படிக்கிறார்கள், வகுப்பில் பக்கத்தில் ஒரு ஆள் நின்று சைகையில் எடுத்துச் சொல்வார் என்று கேள்விப்பட்டோம். அதற்காகவே வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்தேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெண்கள் எல்லாரும் எனக்காக மன்றாடினார்கள். ஆங்கிலத் தேர்வில் ஒரு முறை தோற்று, மறு முறை ஜெயித்தேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஸ்தோத்திரப் பண்டிகை முடிந்த கையோடு, அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையிலிருந்து வேலை உறுதியாகி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு யோசனை. குளிருக்கு இங்கே ஸ்வெட்டர் வாங்காதே, அங்கே போய் வாங்கு என்றார் ஒருவர். மிளகாய்ப் பொடியை அரைத்துக் கொண்டு போ, குக்கரை மறக்காதே என்றார் இன்னொருவர். வெள்ளிக்கிழமை ஜெபத்தை நடத்துகிற எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஷைக்கு ஒரு கஷ்டமும் இல்லளா. எல்லாம் இங்கிலீஷ்தான" என்றார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். பிரிஸ்காவிடம், அங்கே உன்னைப் போலப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், எல்லாரோடும் நீ பேசலாம் என்று சைகையில் சொல்லியிருந்தேன்.

அந்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பிரிஸ்கா போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அயர்லாந்தில் காது கேளாத பிள்ளைகள் பேசுகிற வீடியோ. அவளே தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. போனைக் கீழே வைத்துவிட்டுக் கையால் சொன்னாள்: "அம்மா, இவர்கள் பேசுவது எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை."

சைகை என்றால் உலகம் முழுக்க ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன். உடனே அவள் டீச்சருக்குப் போன் செய்தேன். டீச்சர் பொறுமையாகச் சொன்னார்கள். "ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சைகை மொழி உண்டும்மா. வாயால இங்கிலீஷ் பேசுத ஊர்லகூட அது வேற வேற. அவங்க ஏ, பி, சி எழுத்த விரலால காட்டுதது ஒத்தக் கையால. நம்ம பிள்ளைங்க ரெண்டு கையால எழுதுது. பிரிஸ்கா படிச்சுக்கிடுவா. ஆனா முதல்லருந்து படிக்கணும்."

முதலிலிருந்து. அந்த வார்த்தை என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. பதினோரு வயதுப் பிள்ளை. அவளுக்கு இருப்பதே அந்த ஒரு மொழி. அதையும் விட்டுவிட்டு ஒரு குழந்தையைப் போல மறுபடி ஆரம்பிக்க வேண்டும். யாருக்காகப் போகிறோமோ அவளே ஊமையாகிப் போவாளா?

செல்வினிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டார். "ஏளா, பிள்ளைக்குப் புரியாத ஊரு நமக்கு என்னத்துக்கு?" என்றார். நான் சரி என்று சொல்வதற்குள் அவரே, "ஆனா கெடச்சத விட்டுட்டு நாளைக்கு வேற ஒண்ணும் கெடைக்கலன்னா?" என்றார்.

அதன் பிறகு வந்ததெல்லாம் குழப்பம்தான். அந்த வருடம் பிறந்தபோது புது வருட ஆராதனையில், ஆளுக்கொரு வசனமாக எடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளில் எனக்குக் கிடைத்ததில், புறப்பட்டுப் போகிறவர்களைக் கர்த்தர் நடத்துவதைப் பற்றிய வசனம் இருந்தது. அப்பாடா என்று அதை பீரோக் கதவில் ஒட்டியிருந்தேன். செல்வினுக்குக் கிடைத்த அட்டையிலோ, இருக்கிற இடத்திலேயே அமர்ந்திருப்பதைப் பற்றிய வசனம். ஒரே வீடு, ஒரே கர்த்தர். எதை எடுப்பது? நியூசிலாந்தில் இருக்கும் என் அண்ணன் போனில், இங்கே வந்துவிடு, ஆனால் பிள்ளையின் காதைப் பற்றி விசாவில் கேள்வி கேட்பார்கள், முதலில் விசாரித்துக்கொள் என்றான். என்னோடு படித்தவள் ஒருத்தி, முதலில் நீ மட்டும் போ, ஒரு வருடம் கழித்துப் பிள்ளையைக் கூப்பிடலாம் என்றாள். ஒரு வருடமா? பிரிஸ்கா கையால் பேசுவதைப் புரிந்துகொள்ள அந்த ஒரு வருடம் வீட்டில் அவள் அப்பா மட்டும்தான். அவரும் பாதி நாள் கப்பலில்.

எங்கள் சபைக் குருவானவரிடம் போனோம். அவர் ஏதாவது முடிவாகச் சொல்வார், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கும் தெளிவா ஒண்ணும் தெரியலம்மா. தெரியாதத ஆண்டவர் சொன்னார்னு சொன்னா அது பாவமாப் போயிரும். வாங்க, ஜெபம் பண்ணுவோம்" என்றார். அன்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்று அவருக்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன்.

அந்த வாரம் என் ஜெபம் மாறிப்போனது. முன்பெல்லாம் கதவைத் திறந்தருளும் என்று அழகாக ஜெபிப்பேன். இப்போது முழங்காலில் நின்றால் ஒரு வாக்கியம்தான் வந்தது. "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் புரியவில்லை." டூட்டிக்கு நடந்து போகும்போதும் அதுதான். ஊசி போடும்போதும் அதுதான். அயர்லாந்து மருத்துவமனைக்காரர்களோ பதில் கேட்டு மறுபடியும் எழுதியிருந்தார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. உப்பளம் எல்லாம் ஒரே வெள்ளக்காடு. பிரிஸ்காவின் பள்ளி வேன் எங்கள் தெருவுக்குள் வர முடியாமல் அவளை நேரே என் மருத்துவமனையில் இறக்கிவிட்டது. அவசரப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் வேலையைப் பார்த்தேன். அந்த நேரத்தில் செல்வின் ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் நின்ற கப்பலில் இன்ஜினியர். பெயர் கிரெய்க், ஸ்காட்லாந்துக்காரர். இடது கைக் கட்டைவிரலில் ஆழமான வெட்டுக் காயம். டாக்டர் தையல் போட்டார், நான் கட்டுப் போட்டேன். அவர் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கியது. மாத்திரை வரும் வரை வெளியே உட்காருங்கள் என்றேன். அவர் பிரிஸ்காவின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

நான் மாத்திரையோடு வெளியே வந்தபோது செல்வின் பிரிஸ்காவிடம் சைகையில், பசிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிரெய்க் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல எழுந்து பிரிஸ்காவின் முன்னால் குனிந்து, வலது கை விரலால் இடது கை விரல்களைத் தொட்டுத் தொட்டு ஏதோ காட்டினார். அவருடைய பெயர்! எழுத்து எழுத்தாக. எனக்கே புரிந்தது. எங்கள் பிள்ளைகள் எழுதுகிற அதே இரண்டு கை எழுத்து.

பிரிஸ்கா துள்ளி எழுந்துவிட்டாள். தன் பெயரை எழுதிக் காட்டினாள். அவர் அதைத் திருப்பி எழுதினார். கடைசி எழுத்து ஏ. அதற்கு இடது கட்டைவிரலைத் தொட வேண்டும். தன் பெயரில் அந்த எழுத்தைத் தொடாமலே காட்டியவர் இப்போது மறந்துபோய்த் தொட்டார். கட்டுப் போட்ட விரல்! வலியில் முகம் சுளித்தார், உடனே சிரித்துவிட்டார். பிரிஸ்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் கேட்க, இவர் எழுத, அந்த வராந்தாவில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

அவருடைய அக்காவுக்குக் காது கேட்காதாம். சின்ன வயதிலிருந்து அக்காவோடு இப்படித்தான் பேசி வளர்ந்தாராம். நான் எங்கள் நிலைமையைச் சொன்னேன். அவர் நிதானமாக, எனக்குப் புரியும்படி சொன்னார். எழுத்து பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் சைகைகள் பலதும் வேறு, எல்லாம் உடனே புரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள் என்றார். எழுத்து தெரிந்தால் தெரியாததைக் கேட்டுக்கொள்ளலாம், அது பெரிய உதவி என்றார். இன்னொன்றும் சொன்னார். வேலை கிடைக்கிற ஊருக்குப் போய் அப்புறம் பள்ளிக்கூடம் தேடாதீர்கள், எந்த ஊரில் இந்தப் பிள்ளைக்கு ஏற்ற பள்ளியும் உதவிக்கு ஆளும் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அந்த ஊரில் வேலை தேடுங்கள். மறுநாள் அவருடைய கப்பல் போய்விட்டது. அதன் பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவில்லை.

இது பதிலா? அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை என்பதே உண்மை. வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. கையில் இருந்த வேலையை விட்டுவிடு என்று கிரெய்க்கும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் செல்வின் பிரிஸ்காவைப் பார்த்து, உனக்கு என்ன வேண்டும் என்று கையால் கேட்டார். அவ்வளவு நாள் நாங்கள் ஊரில் எல்லாரையும் கேட்டிருந்தோம். அவளைக் கேட்டிருக்கவில்லை. "புரியாத ஊருக்குப் போகப் பயம். பாதி புரிகிற ஊருக்கு வருகிறேன்" என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தோம். மறுநாள் அயர்லாந்து வேலையை வேண்டாம் என்று எழுதினேன்.

சபையில் இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. எஸ்தர் அக்கா அழுதேவிட்டார்கள். "ஆண்டவர் திறந்த கதவ நீயே அடைக்கலாமாளா?" என்றார்கள். "அக்கா, எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஜெபத்த மட்டும் நிறுத்திராதீங்க" என்றேன். அவர்கள் நிறுத்தவில்லை.

அடுத்து, அதே இரண்டு கை எழுத்து உள்ள இங்கிலாந்துக்கு முயற்சி செய்தோம். நர்ஸ் வேலைக்கு அந்த நாட்டுக்கென்று தனியாகக் கம்ப்யூட்டர் தேர்வு. போய்ச் சேர்ந்த பிறகு செய்முறைத் தேர்வு. இந்த முறை வேலைக்கு எழுதும் முன்பே பள்ளிக்கூடங்களுக்கு எழுதினேன். எங்கள் மகளுக்கு இரண்டு கை எழுத்து தெரியும், இந்தியச் சைகை மொழி தெரியும், நீங்கள் சேர்த்துக்கொள்வீர்களா, வகுப்பில் ஆள் கிடைக்குமா, பள்ளிக்கு எப்படி வருவாள் என்று கேட்டேன். பல ஊர்களிலிருந்து பதில் இல்லை. வடக்கே ஒரு சிறிய ஊரிலிருந்து ஒரு டீச்சர் பதில் எழுதினார்கள். பிரிஸ்காவை வீடியோவில் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்தார்கள், பேசினார்கள். அந்த ஊருக்குப் பக்கத்திலிருந்த மருத்துவமனையில் வேலைக்கு எழுதினேன். முதல் முறை எடுக்கவில்லை. மழைக்காலம் போய், கோடையும் போனது. வேலையும் இல்லை, ஊரும் இல்லை என்று ஆகிவிட்டதோ என்று எத்தனையோ நாள் பயந்தேன். இரண்டாவது முறை எடுத்தார்கள். கர்த்தர் நல்லவர்.

போன புரட்டாசியில் மூன்று பேரும் சேர்ந்தே வந்து இறங்கினோம். செல்வினுக்கு இங்கே உடனே வேலை கிடைக்கவில்லை. இப்போது ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். துறைமுகத்தில் அத்தனை பேருக்கும் வழிகாட்டிய மனுஷனுக்கு அது எளிதல்ல. அதையும் நீங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு வேலை இருந்தால் மற்றவருக்கும் தானாக அமைந்துவிடும் என்று எண்ணி வராதீர்கள்.

பிரிஸ்காவின் முதல் நாள் பள்ளிக்கு நானும் போனேன். என் மனம் முழுக்கப் பயம். ஒரு சிறுமி வந்து அவளிடம் வேகமாக ஏதோ சைகை காட்டினாள். பிரிஸ்காவுக்குப் புரியவில்லை. நான் எடுத்துச் சொல்லப் போனேன். எனக்கும் புரியவில்லை. பிரிஸ்கா என்னைத் தடுத்தாள். அந்தச் சிறுமியின் கையைப் பிடித்து நிறுத்தி, எழுத்தால் கேட்டாள். அது என்ன? அவள் எழுதிக் காட்டினாள். பிரிஸ்கா தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ போ அம்மா. நான் பேசிக்கொள்கிறேன்."

வெளியே பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றேன். நல்ல குளிர். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தாலும் பரவாயில்லை என்று சத்தமாகவே ஸ்தோத்திரம் சொன்னேன்.

சகோதர சகோதரிகளே, கர்த்தர் என் குழப்பத்தை ஒரே நாளில் தீர்க்கவில்லை. இன்றும் எனக்குப் புரியாதவை உண்டு. கைக்கு வந்த வேலையை ஏன் முதலில் கொடுத்தார், பிறகு அதை ஏன் விட வேண்டியிருந்தது, தெரியாது. ஆனால் புரியவில்லை என்று நான் சொன்ன ஜெபத்தை அவர் தள்ளவில்லை. பிள்ளைகளோடு வேறு தேசத்துக்குப் புறப்பட நினைக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். விசாரிக்க வேண்டியதை எல்லாம் விசாரியுங்கள். உங்கள் பிள்ளையின் வாயையும் கையையும் பார்த்துக் கேளுங்கள். தெளிவு வரவில்லை என்றால் தெளிவு வந்ததுபோல் நடிக்காமல், அப்படியே முழங்காலில் போய்ச் சொல்லுங்கள். அவர் கேட்கிறார். எங்கள் ஜெபத்தைக் கேட்டார்.