லயத்து முகவரிக்கு லீசிங் இல்லை

"ரிப்போர்ட் சரியில்லைன்னு சொல்லி அனுப்பிடுங்க, கலா" என்றார் மேனேஜர்.

அவர் மேசையில் கிடந்தது பரமேஸ்வரி என்ற பெண்ணின் ஃபைல். செகண்ட் ஹேண்ட் த்ரீவீல் வாங்க லீசிங், அதாவது வாகனக் கடன், கேட்டிருந்தாள். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம்; அங்கே தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீடு. புருஷனுக்குத் துரையின் பங்களாத் தோட்டத்தில் வேலை. இவள் வேறொருவரின் த்ரீவீலை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். சொந்தமாக வண்டி இருந்தால் அந்த வாடகை மிச்சம். முற்பணத்துக்குச் சேர்த்து வைத்திருந்தாள். பிணைக்கு ஒரு ஆசிரியர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நான் பதுளையில் ஒரு ஃபினான்ஸ் கம்பெனியில் கிரெடிட் ஆஃபீசராக இருந்தேன். ஆளைப் பார்ப்பது, வீட்டைப் பார்ப்பது, கடன் தகவல் ரிப்போர்ட் எடுப்பது, கொடுக்கலாமா வேண்டாமா என்று எழுதுவது என் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களும் கடன் கேட்டு இப்படியான மேசைகளுக்கு முன்னால் உட்காருகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. "பிரச்சினை வரும்"

"ரிப்போர்ட் நான்தான் சார் எடுத்தேன். சுத்தமா இருக்கு. முன்னாடி பொம்பளைங்க குழுவில ஒரு லோன் எடுத்து, ஒழுங்கா கட்டி முடிச்சிருக்காங்க" என்றேன்.

"அது தெரியும். அட்ரஸைப் பாருங்க. தோட்டம், டிவிஷன், லயம். வீட்டு நம்பர் இல்ல, காணி உறுதி இல்ல. நாளைக்குக் கட்டாம விட்டா வண்டியை சீஸ் பண்ண எந்த லயத்துல போய்த் தேடுறது?"

லயத்து முகவரிக்கு வாகன லீசிங் இல்லை என்று எந்த சர்க்குலரும் கிடையாது. ஒரு மேனேஜரிடமிருந்து அடுத்த மேனேஜருக்கு வாய்வழியாக வந்த வழக்கம் அது. நான் பல தடவை எதிர்த்து எழுதியிருக்கிறேன். ஆனால் இல்லாத காரணத்தைச் சொல்லி ஒருவரை அனுப்பு என்று என்னிடம் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

"அட்ரஸ்தான் காரணம்னா அட்ரஸ்னே சொல்லிடுறேன் சார்."

"அப்படிச் சொன்னா பிரச்சினை வரும்."

"அப்ப அது பிழையான காரணம்னு உங்களுக்கே தெரியுது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் தோட்டத்துப் பிள்ளைதானே. அதான் இவ்வளவு சப்போர்ட்."

"ஆமா சார். எனக்கு வேலை குடுத்த கடிதமும் லயத்து அட்ரஸுக்குத்தான் வந்துச்சு. அப்ப மட்டும் கம்பெனிக்கு அட்ரஸ் கிடைச்சுதே" என்று சொல்லிவிட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ரிப்போர்ட் சரியில்லை என்பது எங்கள் தொழிலில் சாதாரண வார்த்தை இல்லை. கேட்கிறவர் தன் பெயர் எங்கேயோ கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது என்று நம்பிவிடுவார். வேறு எந்த வங்கிப் படியும் ஏறமாட்டார். யாரோ கட்டாத கடனைத் தன் தலையில் எழுதிவிட்டார்களோ என்று வீட்டுக்குள்ளேயே சந்தேகம் முளைக்கும். ஒரு பொய்யில் ஒரு பெண்ணின் வாசல்கள் எல்லாவற்றையும் மூடிவிடலாம்.

2. கவுண்டரில்

அடுத்த நாள் பரமேஸ்வரி வந்தாள். முப்பது வயதிருக்கும். வண்டியை வெளியே நிறுத்திவிட்டுச் சாவியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்தாள்.

"லீசிங் தர முடியாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க" என்றேன்.

"ஏன் மிஸ்?"

"லயத்து அட்ரஸ்ங்கிறதால. உங்க ரிப்போர்ட்ல ஒரு குறையும் இல்ல. யார் என்ன சொன்னாலும் அதை மட்டும் நம்பாதீங்க. வேணும்னா நீங்களே காசு கட்டி உங்க ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கலாம்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஐடியில இதே அட்ரஸ்தான் மிஸ் இருக்கு. லைசன்ஸ்ல இருக்கு. ஓட்டு கேக்க வர்றவங்க இதே லயத்தைத் தேடிப்பிடிச்சு வர்றாங்க. உங்க கம்பெனிக்கு மட்டும் எங்க வீடு தெரியாதா?"

பக்கத்துக் கவுண்டரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"நான் இப்ப என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க."

சொன்னேன். கடன் கொடு என்று எந்தக் கம்பெனியையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஏன் மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேட்கலாம். பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் நியாயமில்லை என்று பட்டால், ஹெட் ஆபிசில் இருக்கும் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதலாம். அங்கேயும் தீராவிட்டால் எங்களை மேற்பார்வை செய்யும் இடத்துக்குப் போகலாம். எங்கே போனாலும் கடிதம் கொடுத்ததற்கு அத்தாட்சி கையில் இருக்க வேண்டும்.

அங்கேயே ஒரு தாள் வாங்கித் தமிழில் எழுதினாள். இரண்டே வரி. "எனக்கு லீசிங் மறுத்த காரணத்தை எழுத்தில் தாருங்கள். உண்மையான காரணத்தைத் தாருங்கள்." அதன் பிரதியில் கிளை முத்திரையைக் குத்தி, திகதி போட்டு, கையெழுத்திட்டு அவளிடம் கொடுத்தேன்.

3. பெரட்டுக் களத்தில் கேட்ட கேள்வி

மேனேஜர் பதில் எழுதவில்லை. பரமேஸ்வரி ஹெட் ஆபிசுக்கு முறைப்பாடு அனுப்பினாள். அங்கிருந்து விளக்கம் கேட்டு வந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"வருமானம் போதாதுன்னு ஒரு நோட் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. விஷயம் முடிஞ்சிரும்."

"வருமானம் போதும்னு ஏற்கனவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். ஒரே ஆள் ரெண்டு விதமா எழுத முடியாது."

"உங்க எதிர்காலத்தை யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

அதற்குப் பிறகு கிளையில் என்னோடு பேசுவதற்கே சிலர் பயந்தார்கள். டீ குடிக்கும்போது என் மேசைப் பக்கம் யாரும் வருவதில்லை. வீட்டில் என் கணவர் மட்டும், "வேலை போனா போகட்டும், பார்த்துக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய பலம்.

ஹெட் ஆபிசிலிருந்து விசாரிக்க வந்தவர் ஒரு பெண் அதிகாரி. அதிகம் பேசாதவர். ஃபைலைப் படித்துவிட்டு, "வீட்டைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்னு மேனேஜர் சொல்றார். போய்ப் பார்ப்போம். கலா, நீங்க வழி சொல்லக் கூடாது" என்றார். மேனேஜரும் சேர்த்து மூன்று பேரும் ஆபிஸ் வேனில் கிளம்பினோம்.

பசறை தாண்டி, வளைந்து வளைந்து ஏறி, தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் வேன் நின்றது. காலையில் தொழிலாளர்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம் அது. பறித்த கொழுந்தை எடை நிறுத்துவிட்டு நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள்.

"பரமேஸ்வரிங்கிறவங்க வீடு எங்கங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"த்ரீவீல் ஓட்டுற பரமேஸ்தானே?" என்றார் ஒரு பெண். "யாருக்கு என்ன? ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

"இல்ல, சும்மா பார்க்கணும்."

"கோயிலுக்கு மேல உள்ள லயம். நீலக் கதவு. அவ இப்ப மாசமா இருக்கிற புள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. வர்ற நேரந்தான். வாங்க, நானே காட்டுறேன்."

அந்தப் பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் நடந்தார். போகிற வழியில் கேட்காமலே சொன்னார்: "இந்த மேட்டுக்கு பஸ் வர்றதில்ல. அவளை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா? அந்த வண்டிக்காரன் திடீர்னு வாடகையை ஏத்துறான், இல்லாட்டி வண்டியைப் பிடுங்கிக்கிறான். சொந்த வண்டி எடுக்கப் போனாளாம். குடுக்கலையாம். குடுக்காதவன் ஒருநாள் இங்க வந்து நின்னு பார்க்கணும்."

மேனேஜர் கீழே குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

நாங்கள் நீலக் கதவின் முன் நின்றபோதே வண்டி வந்துவிட்டது. கர்ப்பிணிப் பெண்ணைக் கைபிடித்து இறக்கி விட்ட பிறகுதான் பரமேஸ்வரி எங்களைப் பார்த்தாள். அதிகாரி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பரமேஸ்வரி எல்லோருக்கும் பிளேன் டீ கொடுத்தாள். மேனேஜருக்கும் கொடுத்தாள். உபசாரத்தில் குறை வைக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

4. "எனக்கு மட்டும் வேணாங்க"

சில வாரங்களில் ஹெட் ஆபிஸ், லீசிங் தரலாம் என்றது. நான் போன் பண்ணிச் சொன்னேன். பரமேஸ்வரி கிளைக்கு வந்து நேராக மேனேஜரின் அறைக்குப் போனாள். என்னையும் கூப்பிட்டார்கள்.

"உங்களுக்கு ஸ்பெஷலா பார்த்துப் பண்ணியிருக்கோம்" என்றார் மேனேஜர்.

"அந்த ஸ்பெஷல்தான் சார் எனக்குப் பிடிக்கல" என்றாள். "எங்க லயத்துல இன்னும் ரெண்டு பேரு இங்க கேட்டு, காரணமே தெரியாம திரும்பி வந்திருக்காங்க. எனக்கு மட்டும் குடுத்து என் வாயை அடைக்கிறதா இருந்தா எனக்கு வேணாங்க. அட்ரஸைப் பார்த்துத் தள்ள மாட்டோம்னு எழுதிக் குடுங்க. அவங்க ஃபைலையும் திரும்ப எடுங்க."

"அதெல்லாம் என் கையில இல்ல."

"அப்ப யார் கையில இருக்கோ அவங்களுக்கு எழுதுறேன்."

எழுதினாள். இதற்கிடையில் தன் சொந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பதுளையிலேயே இன்னொரு வங்கிக்குப் போனாள். லயத்து முகவரி அவர்களுக்கு ஒரு தடையாக இருக்கவில்லை. அங்கேதான் வண்டி எடுத்தாள். எங்கள் கம்பெனி ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்தது. இழக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவளுடைய இரண்டாவது முறைப்பாட்டுக்குப் பிறகு எல்லாக் கிளைகளுக்கும் ஒரு சர்க்குலர் வந்தது. தோட்ட முகவரி என்பதற்காக மட்டும் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது, மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்து வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. திரும்பிப் போன அந்த இரண்டு பேரையும் நானே கூப்பிட்டேன். ஒருவருக்குக் கடன் கிடைத்தது. மற்றவருக்கு வருமானம் போதவில்லை. அதை அவர் முகத்தைப் பார்த்து, கணக்கைக் காட்டிச் சொன்னேன். வருத்தப்பட்டார், ஆனால் புரிந்துகொண்டார்.

எனக்குத் தூரத்தில் இருக்கும் மொனராகலைக் கிளைக்கு மாற்றல் வந்தது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. பஸ்ஸில் போய் வந்து வேலை செய்தேன். அங்கேயும் மறுக்கும்போது காரணத்தைச் சொல்லித்தான் மறுத்தேன். ஓய்வு பெறும்வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கடன் தருவதில்லை என்று முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கம்பெனி உங்களுக்குத் தரலாம். அதற்காகப் பொய் சொல்லும் கடமையை யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது. கட்டினால் இறக்கி வையுங்கள்.

கடன் கேட்டுப் போகிறவர்களுக்கு: முடியாது என்றால் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வராதீர்கள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏன் என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்க வேண்டாம்.