செல்வராஜ் கல்யாணத்துக்குப் போட்ட பாட்டு

என் மகளின் கைபேசி தினமும் காலையில் 'இசை வரலாற்றில் இன்று' என்று ஒன்றைச் சொல்கிறது. இதே தேதியில் ஒரு பாடகர் பிறந்தார், இதே தேதியில் ஒரு குழு சண்டை போட்டுப் பிரிந்தது, ஓர் இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது. சட்னி அரைக்கும் சத்தத்தில் பாதிதான் காதில் விழும். நேற்று கேட்டுக்கொண்டிருந்தபோது, செல்வராஜின் கல்யாண நாள் இதில் எப்போதும் வராது என்று தோன்றியது. வரவேண்டிய நாள்தான் அது.

அறுபதுகளில் நான் அந்தமானில், போர்ட் பிளேரில் அரசாங்க குமாஸ்தா. மின்னி பே என்ற பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் செல்வராஜ். சாத்தம் மர ஆலையில் கணக்கு எழுதினான். அவன் சட்டையில் எப்போதும் மரத்தூள் வாசனை. இப்போதும் தச்சுப்பட்டறை எதையாவது கடந்தால் அவன்தான் வருகிறானோ என்று திரும்பிப் பார்க்கிறேன். ரசமும் வைப்பான்; அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

அங்கே தபாலும் கப்பலில்தான்; எதையும் ஒரு கப்பல் முன்னதாகவே செய்தாக வேண்டும். தீபாவளி வாழ்த்தைப் புரட்டாசியிலேயே அனுப்பிவிடுவோம். செல்வராஜுக்குத் திருநெல்வேலிப் பக்கம் சொர்ணம் என்ற பெண்ணை நிச்சயம் செய்ததும், பஜாரில் துணிக்கடை வைத்திருந்த காசிம் பாய் அவசரப்படுத்தினார். "கொழும்பு ரேடியோவுக்கு இப்பவே கார்டு போட்டுடுங்க தம்பி. முகூர்த்தத்தன்னிக்கு ரெண்டு பேரு பேரையும் சொல்லிப் பாட்டு வைப்பாங்க." போட்டோம். கார்டு மெட்ராஸ் போய், கொழும்பும் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளைக்குத்தான் கப்பல் கிடைக்கவில்லை.

வழியில் புயல். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு தினமும் கப்பல் அலுவலகத்துக்குப் போனான். "ஜஹாஜ் நஹீ ஆயா பாய், கல் ஆனா" என்பார் அங்கிருந்த வங்காளி, தலை நிமிராமல். கப்பல் வரவில்லை, நாளைக்கு வா என்று அர்த்தம். நாலைந்து நாள் கேட்டால் யாருக்கும் இந்தி வந்துவிடும். ஊருக்குத் தந்தி கொடுத்தோம். முகூர்த்தத்தை மாற்ற முடியாது, வேறு பையனைப் பார்த்தாகிவிட்டது என்று சொர்ணத்தின் அப்பாவிடமிருந்து பதில் வந்தது.

"அவ அத்தை மவனாத்தான் இருக்கும். நல்ல பயதான்" என்றான் செல்வராஜ். அன்று ரசத்தில் உப்பே இல்லை.

முகூர்த்தத்தன்று காலை ரேடியோ கேட்கவே வேண்டாம் என்றான். முதலில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவனும் அவன்தான். காசிம் பாய் கடையில் உட்கார்ந்தோம். இன்று மணவாழ்வில் இணையும் செல்வராஜ், சொர்ணம் தம்பதியரை அந்தமான் நண்பர்கள் வாழ்த்துகிறார்கள் என்று அறிவிப்பாளர் தேனாகச் சொன்னார். அதோடு ரேடியோ கரகரக்கத் தொடங்கியது. காசிம் பாய் முள்ளைத் திருப்பினார், தட்டினார், பாட்டு வரவில்லை. ஆலைக்கு நேரமாயிற்று என்று மணமகன் எழுந்து போனான். எனக்கு அழுகை வந்துவிட்டது. காசிம் பாய் ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணியை மறுபடியும் மடித்தார்.

அதே நேரத்தில் கல்யாண வீட்டில் நடந்ததைப் பிறகு சொர்ணமே சொன்னாள். ஒலிபெருக்கிக்காரர் இசைத்தட்டு ஊசி மாற்றும் இடைவெளியில் கொழும்பை வைத்திருக்கிறார். தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஊருக்கே கேட்கும்படி செல்வராஜ் பெயரைச் சொல்லியிருக்கிறது. மணையில் அத்தை மகன்.

"எந்த மூதி அதப் போட்டது? நிறுத்துலே!" என்று சொர்ணத்தின் அப்பா ஓடினார். நிறுத்தினார்கள். அதற்குள் சொர்ணம் மணையை விட்டு எழுந்துவிட்டாள்.

"ஊரு பூரா அவுக பேரச் சொல்லியாச்சு. இனி நா வேற யாருக்குக் கழுத்த நீட்ட?"

அத்தை மகனுக்கும் மனதில் வேறு பெண் இருந்தாளாம். நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனான். புயல் ஓய்ந்து முதலில் வந்த கப்பலில் செல்வராஜ் போனான். இருவருமாகத் திரும்பி வந்தார்கள்.

இப்போது காசிம் பாய் இல்லை, கடையும் இல்லை. காலையில் விமானம் ஏறினால் மத்தியானச் சாப்பாடு சென்னையில். பாட்டுக்கு முன்னால் யாரும் யார் பெயரையும் படிப்பதில்லை. போன வருஷம் செல்வராஜும் போய்விட்டான். பார்க்கப் போயிருந்தபோது சொர்ணம் கேட்டாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு என்ன பாட்டு போட்டாக?"

கார்டில் ஒரு பாட்டைக் கேட்டிருந்தோம். கேட்டதைத்தான் போடுவார்கள் என்ற உத்தரவாதம் அங்கே கிடையாது. தெரியாதம்மா என்றேன்.

"அவுகளுக்கும் தெரியல. இத்தன வருஷமா எந்தப் பழைய பாட்டு வந்தாலும், இதாத்தான் இருக்கும்னு ரெண்டு பேரும் பேசாம உக்காந்து கேப்போம். இப்ப நா மட்டும் கேக்கேன்."