ஏரி பார்க்காத விருந்தாளி

அப்போது நான் ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்ட். மே மாதம் வந்தால் போதும், குளிர் தேடி வரும் சொந்தக்காரர்களுக்கு வடித்துக்கொட்டி, ஏரியைச் சுற்றிக் காட்டியே என் லீவெல்லாம் தீர்ந்துவிடும். ஒரு வருஷம் வெறுத்துப்போய், அம்மா சமையலைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா கிடக்கலாம் என்று ஈரோட்டுக்குக் கிளம்பினேன். ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலேயே, சேலத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து பையோடு இறங்கினாள் அம்மா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“நீயும் ஏரி பாக்கத்தான் வந்தியாம்மா?”

“ஏரி கெடக்குது போ கண்ணு. ஊட்டுக்கு உங்க அத்தைங்க குடும்பத்தோட வந்து எறங்கிட்டாங்க. உனக்குக் காச்சல்னு பொய் சொல்லிப்போட்டு ஓடியாந்துட்டேன். நொம்ப அலுப்பா இருக்குது.”

அறைக்கு வந்ததும் என் கட்டிலில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். எரிச்சலோடு உலை வைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அம்மா பகலில் தூங்கி அன்றுதான் பார்க்கிறேன். ஒவ்வொரு பண்டிகைக்கும் ஊருக்குப் போய் இறங்கிய விருந்தாளி நானும்தானே?