தகடு தேடப் போன மிஷின்

எங்கள் வீட்டின் பின்பக்க அறையை ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவந்தோம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருவர் வந்து ஐந்து மாதம் தங்கினார். எல்லாவற்றையும் துறக்கப் போவதாக வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் துறந்தார். ஒரு ஜோடி பூட்ஸ், பாதி காலியான காபித்தூள் டப்பா, ஒரு மெட்டல் டிடெக்டர். மூன்றையும் என் தலையில் கட்டிவிட்டு, காவி வேட்டியோடு விமானம் ஏறித் தன் ஊருக்கே திரும்பிப் போனார்.

துறவுக்கு வந்த மனிதர் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தேடும் மிஷினை எதற்குக் கடல் தாண்டித் தூக்கிவந்தார் என்று நான் கேட்கவில்லை. யாரையும் எதையும் கேட்கிற சுபாவம் எனக்குக் கிடையாது. பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு மணிலாக்கொட்டை (வேர்க்கடலை) மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தவன் நான். அங்கேயும் தராசைப் பார்த்துத்தான் பேசுவேன், ஆளைப் பார்த்து அல்ல. அவராகவே சொன்னார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: அவர்கள் ஊரில் லீவு நாள் வந்தால் ஆட்கள் இதை எடுத்துக்கொண்டு கடற்கரையிலும் காட்டிலும் நடப்பார்களாம். அதுதான் பொழுதுபோக்காம். காதில் மாட்டிக்கொண்டால் யாரோடும் பேச வேண்டியதில்லையாம். அந்தக் கடைசி விஷயத்தில்தான் நான் விழுந்தேன்.

மிஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நீளக் குழாய். அடியில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டத் தட்டு. மேலே திருகுவதற்கு இரண்டு குமிழ். ஆறு டார்ச் பேட்டரி போட்டால் காதுக்குள் கொசு மாதிரி ரீங்காரம் கேட்கும். அடியில் உலோகம் இருந்தால் கொசு கத்தும்.

முதல் இரண்டு நாள் கத்திக்கொண்டே இருந்தது. கிரிவலப் பாதை ஓரமாக, ஆள் குறைவான இடமாகப் பார்த்து நடந்தேன். அடிக்கு அடி கத்தியது. கத்திய இடத்தையெல்லாம் களைக்கொத்தால் கிளறினேன். ஒன்றுமில்லை. இந்த மலையே செம்பு மலைதானோ என்றுகூட எண்ணிவிட்டேன், அவ்வளவு பெரிய மூளை. மூன்றாம் நாள் முள் தைத்துச் செருப்பைக் கழற்றினேன். கத்தல் நின்றது. செருப்பு தைத்தவர் அடித்திருந்த ஆணிகளைத்தான் இரண்டு நாளாகத் தேடிக் குழி தோண்டியிருந்தேன்.

அதன்பிறகு வெறும் காலோடு போனேன். கிரிவலப் பாதையில் வெறும் காலோடு நடப்பவனுக்குப் பக்திமான் என்று பெயர் கிடைக்கும். எனக்குக் கிடைத்த பெயர் வேறு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர், நான் காதில் மாட்டியிருப்பதால் கேட்காது என்ற தைரியத்தில் உரக்கவே சொன்னார்:

"பூமிக்கு ஜுரம் பாக்கறாரு பாரு, டாக்டரு."

"ஊசி போடுவாரா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"மொதல்ல அவருக்குப் போடணும்."

தீபத் திருவிழா முடிந்த மறுவாரம் கூட்டம் நடந்த இடங்களில் தேடினேன். இவ்வளவு லட்சம் கால்கள் நடந்த மண்ணில் ஒரு மூக்குத்தியாவது விழாமலா போகும் என்று என் கணக்கு. கிடைத்தவை கலர் சோடா பாட்டில் மூடிகள், ஊக்கு, மாட்டு லாடம், கற்பூர டப்பா மூடி, உடைந்த பூட்டு ஒன்று. முக்தி வேண்டி வந்த ஜனங்கள் மலையைச் சுற்றி விட்டுச்சென்றது கலர் குடித்த மூடிகளைத்தான். நான் அவற்றை ஒரு டின்னில் சேர்த்து வைத்தேன். என் மனைவி டின்னைக் காலால் நகர்த்திவிட்டுச் சொன்னாள்:

"நாலு பேர் முன்னாடி வாயத் தொறக்கத்தான் கூச்சம். நடு ரோட்ல குனிஞ்சி பொறுக்கறதுக்கு இல்லியா?"

டின்னை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

தெருவில் மிஷினுக்குப் 'பொதையல் மிஷின்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். புதையல் எடுத்திருந்தால் நான் ஏன் இன்னும் மண்டியில் மூட்டை நிறுக்கிறேன் என்று எவனும் யோசிக்கவில்லை. எடுத்து மறைத்துவைத்திருக்கிறேன் என்பது அவர்கள் கட்சி.

அப்படிப்பட்ட நாளில்தான் இரண்டு வீடு தள்ளி இருந்த பெரியம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். அது அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து வாழ்ந்த வீடு. பெரியம்மா என்பது அண்ணனின் மனைவி. தெருவில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். உறவால் அல்ல, பயத்தால். தம்பிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். அந்தப் பெண் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம்.

"தம்பி, ஊட்ல ஒண்ணும் சரியில்ல," என்றார் பெரியம்மா. "கறவ மாடு செத்துது. அவருக்குக் கால் வீங்கிச்சி. குறி கேட்டுட்டு வந்தேன். ஊட்டுக்குள்ள இருக்கறவங்களே தகடு பொதச்சி வெச்சிருக்காங்கன்னு சொல்லிட்டாரு. ஒன் மிஷின எடுத்தாந்து எங்கன்னு காட்டு."

மாடு கிழட்டு மாடு. அவர் கணவருக்குக் கால் வீங்கியது சர்க்கரையால். ஊருக்கே தெரியும். குறி சொன்னவருக்கு மட்டும் தெரியவில்லை.

முடியாது என்று சொல்ல எனக்குத் தெரியாது. "சரிங்க" என்று சொல்லத்தான் தெரியும். மிஷினோடு போனபோது வீட்டில் பாதித் தெரு நின்றிருந்தது. கூடத்தில் ஒரு டிரங்குப் பெட்டி பூட்டி வைக்கப்பட்டிருந்தது. தம்பி மனைவியான சின்னவளுடையது. தகடு கிடைத்தால் அன்று மதிய பஸ்ஸிலேயே அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முன்பே முடிவு செய்துவிட்டிருந்தார்கள். தேடப் போவதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அவள் புருஷன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு மாதத்தைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

பெண்கள் காலில் மெட்டி இருக்கும், தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. பெரியம்மாவின் கணவர் பெரியவரிடம் முணுமுணுத்தேன், அவர் சொன்னார். கூடத்தில் ஒன்றுமில்லை. சமையலறையில் ஒரு கரண்டிக் காம்பு. மாட்டுக் கொட்டகையில் வழக்கம்போல லாடம். வெளியே வரும்போது வாசற்படியில் தட்டு பட்டது. நல்ல, தெளிவான, நீண்ட சத்தம். கலர் மூடி அப்படிக் கத்தாது. இத்தனை நாளில் உருப்படியாக ஒரு சத்தம் கேட்டுவிட்டதே என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தப் பெட்டியை நான் மறந்தே போனேன். விரலை நீட்டி, "இங்கதான்" என்றேன். நான்கு பேர் முன்னால் நான் உரக்கச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

கடப்பாரை வந்தது. படிக்கல்லைப் பெயர்த்தார்கள். ஒரு முழம் ஆழத்தில் மக்கிப்போன மஞ்சள் துணி, பச்சை பூத்த செப்புத் தகடு, அதில் கட்டம் கட்டமாக எழுத்து.

"பாத்துக்கங்க எல்லாரும்," என்றார் பெரியம்மா. "எங்க வெச்சிருக்கா பாத்தீங்களா. தெனம் நாங்க மெறிக்கிற எடத்துல."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா," என்றாள் சின்னவள்.

"தெரியாதவ ஏண்டி நடுங்கற?"

நான் குனிந்து துணியைப் பார்த்தேன். தகட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்னப் பவழம், நான்கைந்து நெல் உமி. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. ஏழெட்டு வருஷத்துக்கு முன் அந்த வீடு கட்டி வாசக்கால் வைத்த அன்று, வீட்டுக் காவலுக்கென்று ஐயர் எழுதிக் கொடுத்த தகட்டையும் பவழத்தையும் நவதானியத்தையும் மஞ்சள் துணியில் முடிந்து பெரியவர்தான் தன் கையால் குழிக்குள் வைத்தார். வாசக்கால் கனமான வேங்கை மரம். தூக்கி நிறுத்தத் தெரு ஆண்களைக் கூப்பிட்டார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். எங்கள் தெருவில் எந்த வீட்டு வாசலைத் தோண்டினாலும் இப்படி ஒரு முடிச்சு கிடைக்கும். அன்று என்னோடு தூக்கியவர்களில் நான்கு பேர் இப்போது குழியைச் சுற்றி நின்று "ஐயோ பாவமே" என்று உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். மறந்துவிட்டார்களா, வேடிக்கை கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்தார்களா, தெரியாது. இரண்டில் எதுவானாலும் அவர்கள் மேல் மரியாதை வரவில்லை.

பெரியவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு நினைவு வந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு மனைவியைப் பார்த்தார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவர் வீரம்.

யாரோ பெட்டியைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"இது வாசக்கால் வெச்சப்ப போட்டது," என்றேன். எனக்கே கேட்கவில்லை. சின்னவள் பக்கத்தில் நின்றதால் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"சத்தமா சொல்லுங்கண்ணா," என்றாள்.

காது மடல் சூடாகிவிட்டது. குழியையே பார்த்துக்கொண்டு சொன்னேன். "வாசக்கால் வெச்சப்ப போட்டதுங்க. இவங்க இந்த ஊட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே. பெரியவருதான் வெச்சாரு. நான் இந்தப் பக்கம் புடிச்சிருந்தேன், நீங்க அந்தப் பக்கம்." கடைசி வார்த்தைகளை உச்சுக்கொட்டியவர்களில் ஒருவரைக் காட்டிச் சொன்னேன்.

"ஆமால்ல," என்றார் அவர், புதிதாக எதையோ கற்றுக்கொண்டவர்போல. "பொங்கல்ல நெய் கம்மியா இருந்துச்சி."

பெரியவர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். காலண்டர் படித்தவன் ஒரு வழியாகத் திரும்பிப் பார்த்து, பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான். அது ஒன்றுதான் அன்று அந்த வீட்டு ஆண்கள் செய்த வேலை.

பெரியம்மா அசரவில்லை. "அப்ப அவ வெச்சது இன்னொண்ணு இருக்கும்," என்றார். "தேடு தம்பி."

பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன். மிஷின் அப்போதும் காதுக்குள் கத்திக்கொண்டுதான் இருந்தது.

பெயர்த்த படியைத் திரும்ப வைக்க நல்ல நாள் பார்க்க வேண்டும், தகட்டுக்கு மறுபடி பூஜை செய்ய வேண்டும் என்றார்கள். காற்றுப்பட்ட தகட்டை மறுபடி புதைக்க எந்த ஐயரும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் குழியைச் சிமெண்ட் போட்டு மூடினார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எது நடந்தாலும் காரணம் நான். பெரியவருக்குச் சர்க்கரை ஜாஸ்தியானதும், ஓட்டில் ஒழுகியதும், அடுத்த மாடு கன்று போடாததும், நான் வாசலைத் தோண்டவைத்து வீட்டுக் காவலைக் கிளப்பிவிட்டதால்தான். பெரியம்மா தெருவில் அதைச் சொல்லாத நாளில்லை. கேட்டவர்களெல்லாம் நம்பினார்கள். ஒரு பழி ஒரு வீட்டுக்குப் போதும்போல. சின்னவள் பெயரை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை.

மிஷினிலிருந்த பேட்டரிகளை ரேடியோவுக்குப் போட்டுவிட்டோம். குழாயை என் மனைவி கொடி கட்டப் பயன்படுத்துகிறாள். வட்டத் தட்டைப் பழைய இரும்புக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்த வீட்டில் யாரும் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பெரியம்மா என்னைத் தண்டித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். என் சுபாவம் தெரிந்திருந்தால் வேறு ஏதாவது யோசித்திருப்பார். காலையில் மண்டிக்குப் போகும்போது சின்னவள் அந்தச் சிமெண்ட் படியைக் கழுவிக் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். நிமிர்ந்து பார்ப்பாள். நான் தரையைப் பார்த்தபடி போய்விடுவேன்.